இலையைத் திருப்புங்கள், காம்பை நறுக்குங்கள்

சேரன்மகாதேவி வட்டார உயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியப் பெருமக்களுக்கு,



சேரன்மகாதேவியிலும், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தை ஒட்டிய பத்தமடை, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி ஊர்களிலும் பதினோராம் வகுப்புக்குத் தாவரவியல் நடத்துகிற உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். பள்ளி திறந்த சில வாரங்களிலேயே ‘தாவர உலகம்’ பாடம் வந்துவிடுகிறது. பாசிகளையும் பிரையோஃபைட்டுகளையும் தாண்டி டெரிடோஃபைட்டுகளுக்கு வரும்போது குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருக்கும். நமக்கு மேற்கே மாஞ்சோலை மலையில் பெரணிகள் சுருள் அவிழ்த்துக்கொண்டிருக்கும். அந்த நாட்களில் வகுப்பறையில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ரீமர் 1954-ல் வகுத்த அட்டவணை கரும்பலகையில் ஏறுகிறது. ஸ்டீல் வகைகளைப் பிள்ளைகள் வண்ணப் பென்சிலால் வரைகிறார்கள். தேர்வுக்கு அது போதும். ஆனால் ஒரு பெரணி இலையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்க்காமலே பாடம் முடிந்துவிடுகிறது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான்: இந்த ஆண்டு டெரிடோஃபைட்டு பாடத்தில் இரண்டு பீரியடை ஒதுக்கி, ஒரே ஒரு பேரினத்தை அதன் உறவுகளோடு சேர்த்துப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அத்தீரியம் என்பது அந்தப் பேரினத்தின் பெயர். ஆங்கிலத்தில் லேடி ஃபெர்ன் என்பார்கள். தமிழில் பெண்பெரணி என்று சொல்லலாம். ஒரு செடியை எதை வைத்து எந்தக் குடும்பத்தில் சேர்க்கிறோம், ஏன் அந்த முடிவு காலத்துக்குக் காலம் மாறுகிறது, கடைசியில் எது நிலைத்தது என்கிற வகைப்பாட்டியலின் முழுக் கதையும் இந்த ஒரு பேரினத்துக்குள் இருக்கிறது. அதைப் பார்க்க ஒரு கைலென்சும் ஒரு சவர பிளேடும் போதும். பெரிய ஆய்வகம் தேவையில்லை.

முதலில் செடியைச் சொல்கிறேன். அத்தீரியத்தின் மட்டநிலத் தண்டு தரைக்குள் அல்லது தரையை ஒட்டி இருக்கும். அதன் நுனி பழுப்புச் செதில்களால் மூடியிருக்கும். அங்கிருந்து இலைகள் கொத்தாக எழும். இலை மெல்லியது, இளம்பச்சை, பறித்த சிறிது நேரத்தில் துவண்டுவிடும். பெரும்பாலான இனங்களில் இலை இரண்டு முறையோ மூன்று முறையோ சிறகுபோல் பிரிந்திருக்கும். நரம்புகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளாமல் தனித்தனியாக ஓரம் வரை ஓடும். காம்பின் மேல்பக்கம் ஒரு பள்ளம் ஓடுகிறது. சிறகுக் கிளை பிரியும் இடத்தில் அந்தப் பள்ளம் தடைபடாமல் கிளையின் பள்ளத்தோடு சேர்ந்துகொள்கிறது. பல இனங்களில் அந்தச் சந்திப்பில் மெல்லிய முள் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். விரலால் தடவினால் தட்டுப்படும், குத்தாது.

இதுவரை சொன்னதை வைத்து மட்டும் யாரும் அத்தீரியத்தை அடையாளம் காண முடியாது. சிறகுபோல் பிரிந்த மெல்லிய இலை உள்ள பெரணி எத்தனையோ உண்டு. மேலே இருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனால்தான் இலையைத் திருப்ப வேண்டும்.

திருப்பியதும் பிள்ளைகள் சொல்லும் முதல் வார்த்தை எனக்கு மனப்பாடம்: “சார், பூச்சி முட்ட வச்சிருக்கு!” பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஒரு பள்ளியின் தொட்டிப் பெரணிகளுக்கு நோய் வந்துவிட்டதென்று மருந்தடித்துக் கருக்கியதை நான் பார்த்திருக்கிறேன். அவை முட்டையும் அல்ல, நோயும் அல்ல. வித்தகங்கள் கூட்டமாகச் சேர்ந்த சோரஸ்கள் அவை. அவற்றின் வடிவமும் நரம்பின்மேல் அவை உட்காரும் விதமும்தான் பெரணி வகைப்பாட்டின் முதல் எழுத்து.

கைலென்சைக் கண்ணோடு ஒட்டிவைத்து, இலையை மெதுவாக லென்சுக்குக் கிட்டக் கொண்டுவரச் சொல்லுங்கள். அத்தீரியத்தின் சோரஸ் நரம்பின் ஒரு பக்கத்தில் நீளமாகத் தொடங்கும், நுனியில் வளைந்து நரம்பைக் கடந்து மறுபக்கத்துக்குப் போகும். தூண்டில் முள் எப்படி வளைந்திருக்குமோ அப்படி. சில இனங்களில் வளைவு கூடி லாட வடிவமாகவே ஆகிவிடும். ஒரே இலையில் நுனிப்பக்கம் நேர்கோடாகவும் அடிப்பக்கம் வளைந்தும் சோரஸ்கள் இருப்பதுண்டு. அதனால் ஒன்றைப் பார்த்து முடிவுக்கு வராமல் பத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சோரஸின் ஒரு விளிம்பில் மெல்லிய சவ்வு ஒன்று ஒட்டியிருக்கும். அதுதான் இண்டூசியம். இளசாக இருக்கும்போது வித்தகங்களை மூடியிருக்கும், முதிர முதிர ஒதுங்கிவிடும். முற்றிய இலையில் அது சுருங்கிக் காணாமல் போயிருக்கும் என்பதால், இளசும் முற்றலுமாக இரண்டு இலைகளாவது வேண்டும்.

இனி அதன் உறவுகள். டிப்ளேசியம் என்ற பேரினத்தில் சோரஸ் வளைவதில்லை. நேர்கோடாக இருக்கும், ஆனால் ஒரே நரம்பின் இருபுறமும் முதுகோடு முதுகு ஒட்டி இரண்டு சோரஸ்கள் இருக்கும். எல்லா நரம்பிலும் இப்படி இராது, குறைந்தது சில நரம்புகளிலாவது இருக்கும். டெப்பாரியா என்பது மூன்றாவது பேரினம். அதன் இலைக் காம்பிலும் சிறகுக் காம்பிலும் பல செல்களால் ஆன, கணுக்கணுவான மயிர்கள் உண்டு. மேலே நான் சொன்ன பள்ளம் அதில் கிளைப் பள்ளத்தோடு சேராமல் நின்றுவிடும். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அத்தீரியேசி குடும்பம். 2016-ல் உலகப் பெரணியியலாளர்கள் கூடி வெளியிட்ட வகைப்பாடு இந்தக் குடும்பத்தில் சுமார் 650 இனங்கள் இருப்பதாக மதிப்பிடுகிறது. டிப்ளேசியம் 350 அளவில், அத்தீரியம் 230 அளவில், மிச்சம் டெப்பாரியா. ரீமரின் அட்டவணையை நடத்தும்போது இந்த 2016 வகைப்பாட்டைப் பற்றியும் இரண்டு வரி சொல்லுங்கள். தேர்வில் கேட்க மாட்டார்கள்தான். ஆனாலும் வகைப்பாடு 1954-லேயே முடிந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டு நம் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகக் கூடாது.

பிளேடுக்கு வருகிறேன். இந்த மடலில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

இலைக்காம்பின் அடியை, தண்டிலிருந்து இரண்டு விரற்கடை மேலே, குறுக்காக மெல்லிசாக நறுக்குங்கள். சாஃப்ரனின் ஒரு சொட்டு விட்டு லென்சில் பாருங்கள். அத்தீரியமாக இருந்தால் பட்டையான இரண்டு வாஸ்குலக் கற்றைகள் எதிரெதிரே தெரியும். இரண்டே இரண்டு. காம்பில் இன்னும் மேலே போய் நறுக்கினால் அந்த இரண்டும் அடிப்பக்கம் சேர்ந்து ஒரே கற்றையாக, வாய்க்கால் வெட்டுமுகம்போல் மேலே திறந்து நிற்கும். ட்ரையாப்டெரிஸ் என்ற பேரினத்தில் இதே இடத்தை நறுக்கினால் உருண்டையான பல கற்றைகள் வளையமாக நிற்கும்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். ஐரோப்பாவில் ட்ரையாப்டெரிஸ் இனம் ஒன்றை ஆண்பெரணி என்றும் அத்தீரியம் இனம் ஒன்றைப் பெண்பெரணி என்றும் சோடியாகவே வைத்துப் பேசிவந்தார்கள். லின்னேயஸ் 1753-ல் இரண்டையும் பாலிபோடியம் என்ற ஒரே பேரினத்தில் வைத்து, அந்தப் பழைய ஆண், பெண் பெயர்களையே லத்தீனில் சூட்டினார். இலையைப் பார்த்தால் அந்த எண்ணம் வருவது இயல்பு. ஆனால் மரபணு வரிசைகளை ஒப்பிட்டபோது இரண்டும் நெருங்கிய உறவே அல்ல என்று தெரிந்தது. பாலிபோடியேல்ஸ் என்ற பெரிய வரிசைக்குள் இருக்கும் இரண்டு பெருங்கிளைகளில் ஒன்று ஒரு கிளையிலும் மற்றது மற்றக் கிளையிலும் போய் விழுந்தன. அத்தீரியம் இருக்கும் கிளையில் காம்படியில் பெரும்பாலும் இரண்டு கற்றை, ட்ரையாப்டெரிஸ் இருக்கும் கிளையில் பெரும்பாலும் மூன்றோ அதற்கு மேலோ. பிளெக்னம் போல விதிவிலக்குகள் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனாலும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இரண்டு வம்சங்களைப் பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒரு பிளேடால் பிரித்துக் காட்ட முடியும் என்பது சாதாரணமானதல்ல. ஸ்டீல் வகைகளைப் படம் வரைந்து மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு, உள்ளமைப்பு எதற்குப் பயன்படுகிறது என்று காட்ட இதைவிட நல்ல செய்முறை எனக்குத் தெரியாது.

இதைச் செய்து பார்க்க மலையேற வேண்டியதும் இல்லை. சேரன்மகாதேவியின் வெயிலுக்கு அத்தீரியம் தாங்காது, அதை நம் ஊரில் தேடாதீர்கள். ஆனால் கால்வாய்க் கரையிலும் கிணற்று உள்சுவரிலும் கிறிஸ்டெல்லா என்ற பெரணி வளர்கிறது. அதன் காம்படியை நறுக்கினால் இரண்டு கற்றை தெரியும், மேலே போனால் சேர்ந்துவிடும். அத்தீரியம் இருக்கும் பெருங்கிளையில்தான் அதுவும் இருக்கிறது. ஆனால் அதன் சோரஸ் உருண்டை, இண்டூசியம் சிறுநீரக வடிவம், இலை முழுக்க ஊசிபோன்ற ஒற்றைச் செல் மயிர்கள். அத்தீரியத்தில் அந்த ஊசி மயிர் கிடையாது. நர்சரியில் வாங்கித் தொட்டியில் வைக்கிற நெஃப்ரோலெப்பிஸை நறுக்கினால் இரண்டுக்கு மேல் கற்றைகள் இருக்கும், அது மற்றப் பெருங்கிளை. இந்த இரண்டையும் வைத்தே ஒரு செய்முறை வகுப்பை நடத்திவிடலாம். பழைய கோயில் மதில்களிலும் சுண்ணாம்புக் காரை உதிர்ந்த சுவர்களிலும் டெரிஸ் விட்டேட்டா இருக்கிறது, ஈரமான கிணறுகளில் அடியாண்டம் இருக்கிறது, வயலில் ஆரைக்கீரை இருக்கிறது. ஆரைக்கீரையும் பெரணிதான் என்று சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அதன் இளம் இலை சுருண்டிருப்பதைக் காட்டினால் நம்புவார்கள்.

வகைப்பாட்டின் கதையை வகுப்பில் சொல்லும்போது ஆட்களோடு சேர்த்துச் சொல்லுங்கள். லின்னேயஸுக்குப் பிறகு 1799-ல் ரோத் என்ற ஜெர்மானியர் அத்தீரியத்தைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். அதோடு முடிந்துவிடவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பெரணி அறிஞர்களான ஹூக்கரும் பேக்கரும் நீளமான சோரஸ் உள்ளதெல்லாம் ஒரே கூட்டம் என்று முடிவெடுத்து, அத்தீரியத்தையும் டிப்ளேசியத்தையும் அஸ்பிளீனியம் என்ற பேரினத்துக்குள் போட்டார்கள். சோரஸை மட்டும் பார்த்தால் அது நியாயமாகவே படும். 1947-ல் கோப்லண்ட் என்ற அமெரிக்கர் வேறு வழியில் போனார்: அஸ்பிளீனியத்திலிருந்து பிரித்து, டிப்ளேசியத்தை அத்தீரியத்துக்குள் கரைத்துவிட்டார். அன்றைக்கு அத்தீரியம் மிகப் பெரிய பேரினமாகிவிட்டது.

முடிச்சை அவிழ்த்தது குரோமோசோம். இங்கிலாந்தில் ஐரீன் மேண்டன் என்ற பெண் விஞ்ஞானி பெரணிகளின் இளம் வித்தகங்களை நசுக்கிக் குரோமோசோம்களை எண்ணினார். 1950-ல் வெளிவந்த அவருடைய நூல் பெரணி ஆராய்ச்சியின் போக்கையே மாற்றியது. அஸ்பிளீனியத்தின் அடிப்படை எண் 36. அத்தீரியத்தின் எண் 40. டிப்ளேசியத்துக்கு 41. ஒரு எண் வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் இனத்துக்கு இனம் மாறாமல் ஒரு பேரினம் முழுக்க அதே எண்ணும் அதன் மடங்குகளும் வருகிறபோது, அதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. காம்பும் இதையே சொல்கிறது. அஸ்பிளீனியத்தின் காம்படியிலும் இரண்டு கற்றைதான். ஆனால் மேலே போகப் போக அவை முதுகோடு முதுகு ஒட்டிப் பெருக்கல் குறிபோல் ஆகும், அத்தீரியத்தில் வாய் திறந்து நிற்கும். செதிலும் சொல்கிறது. அஸ்பிளீனியத்தின் செதிலை லென்சில் பார்த்தால் செல் சுவர்கள் கறுத்து, சன்னல் கம்பிகளாகத் தெரியும். அத்தீரியத்தில் அப்படி இல்லை. சோரஸ் ஒன்றை மட்டும் நம்பியவர்கள் தடுமாறினார்கள். காம்பு, செதில், மயிர், பள்ளம், குரோமோசோம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தவர்கள் சொன்னதை மரபணு ஆய்வு பின்னால் உறுதி செய்தது.

இந்தக் கதையில் நம் ஊருக்கும் இடமுண்டு. ரிச்சர்ட் ஹென்றி பெடோம் 1860 முதல் 1882 வரை சென்னை மாகாணக் காடுகளின் காப்பாளராக இருந்தவர். பட்டாளத்திலிருந்து வனத்துறைக்கு வந்தவர். தென்னிந்தியப் பெரணிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1863-ல் வரத் தொடங்கியது. அதில் 271 படத் தகடுகள். திருநெல்வேலி மலைகளில் அவரே நடந்து சேகரித்தார். ‘டின்னவெல்லி மலை’ என்ற இடக் குறிப்பு அவருடைய எழுத்தில் திரும்பத் திரும்ப வரும். லண்டனில் ஹூக்கரும் பேக்கரும் அஸ்பிளீனியத்துக்குள் போட்டுவைத்திருந்த அத்தீரியத்தை, 1883-ல் வந்த தன் கையேட்டில் பெடோம் தனிப் பேரினமாகவே வைத்தார். செடியை உலர்ந்த தாளில் மட்டும் பார்த்தவர்களுக்கும் மலையில் உயிரோடு பார்த்தவருக்கும் இருந்த வித்தியாசம் அதில் தெரிவதாக நான் நினைக்கிறேன்.

பாளையங்கோட்டை நமக்கு இன்னும் பக்கம். தூய சவேரியார் கல்லூரியில் வி.எஸ்.மாணிக்கமும் வி.இருதயராஜும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரணிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1988-ல் அவற்றின் குரோமோசோம்களைப் பற்றி ஒரு நூலும், 1992-ல் தென்னிந்திய மேற்குத் தொடர்ச்சி மலையின் டெரிடோஃபைட்டுகள் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார்கள். தென்னிந்தியாவில் பெரணி என்றால் இன்றைக்கும் முதலில் புரட்டுகிற புத்தகங்களில் 1992-ஆம் ஆண்டு நூலும் ஒன்று. மேண்டன் இங்கிலாந்தில் தொடங்கிய குரோமோசோம் எண்ணிக்கையை நம் மலைச் செடிகளுக்குச் செய்தவர்கள் நம் ரயில் பாதையின் அந்த முனையில் இருந்தார்கள். பொதிகைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் ஆபிரகாமும் நைனானும் 1954-ல் ஒஃபியோகிளாசம் என்ற பெரணியில் 1200-க்கு மேற்பட்ட குரோமோசோம்களை எண்ணிக்காட்டினார்கள். தாவரம், விலங்கு இரண்டிலும் அவ்வளவு குரோமோசோம் அதற்கு முன் யாரும் கண்டதில்லை. இந்தப் பெயர்களை ரீமரின் பெயருக்குப் பக்கத்தில் எழுதிப் போடுங்கள். நம் மாவட்டத்துப் பிள்ளைக்கு ரீமர் தெரிந்திருக்கிறது, மாணிக்கம் தெரியவில்லை. எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை.

உண்ணும் பெரணி ஒன்றும் அத்தீரியேசி குடும்பத்தில் இருக்கிறது. டிப்ளேசியம் எஸ்குலெண்டம். ஓடைக்கரையில் உயரமாக வளரும். அதன் சுருண்ட கொழுந்தை அசாமில் டெக்கியா என்று சமைக்கிறார்கள். மலேசியச் சந்தையில் பூச்சுக் பாக்கு என்று கட்டுக்கட்டாக விற்கிறார்கள், அங்குள்ள தமிழர் வீடுகளுக்கும் அது புதிதல்ல. ரெட்சியஸ் 1791-ல் ஹெமியோனைட்டிஸ் என்ற பேரினத்தில் இதை விவரித்தார். பிறகு டிப்ளேசியம், அனைசோகோனியம், அஸ்பிளீனியம், அத்தீரியம் என்று எல்லா வீட்டிலும் குடியிருந்துவிட்டு மறுபடி டிப்ளேசியத்துக்கு வந்து சேர்ந்தது. இதன் நரம்புகள் பக்கத்துச் சிறகு மடலின் நரம்புகளோடு பின்னிக்கொள்வதும் இவ்வளவு குழப்பத்துக்கு ஒரு காரணம். இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்லுங்கள்: பெரணிக் கொழுந்து எதையும் அடையாளம் தெரியாமல் வாயில் வைக்கக் கூடாது. பிராக்கன் பெரணியில் புற்றுநோய் உண்டாக்கும் டாக்கிலோசைடு இருக்கிறது.

வாழ்க்கைச் சுழற்சியை நீங்கள் நன்றாகவே நடத்துகிறீர்கள் என்பதால் அதில் இரண்டு செய்முறை மட்டும் சொல்கிறேன். முதிர்ந்த சோரஸ் ஒன்றை ஸ்லைடில் சுரண்டி, தண்ணீர் விடாமல், மேசை விளக்கின் சூட்டில் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். ஒவ்வொரு வித்தகத்தின் முதுகிலும் தடித்த சுவருள்ள செல்கள் ஒரு வரிசையாக இருக்கும், அதுதான் ஆனுலஸ். அந்தச் செல்களிலிருந்து நீர் வற்ற வற்ற ஆனுலஸ் மெல்லப் பின்னால் வளையும், வித்தகம் கிழியும். வளைவு ஓர் எல்லையைத் தாண்டியதும் செல்களுக்குள் மிச்சமிருக்கும் நீர் அறுந்து குமிழி விழும். ஆனுலஸ் பட்டென்று முன்னுக்குத் திரும்பி வித்துகளை வீசும். இதன் இயக்கவியலை விளக்கிய கட்டுரை 2012-ல் சயின்ஸ் இதழில் வந்தது. அதே காட்சி உங்கள் பள்ளி நுண்ணோக்கியிலும் கிடைக்கும். ஒரு வித்தகத்தில் பொதுவாக 64 வித்துகள். 32 மட்டும் இருந்தால் அது கருவுறாமலே அடுத்த தலைமுறையை உண்டாக்கும் இனமாக இருக்கக் கூடும். எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் சலிக்காமல் எண்ணுவார்கள்.

இன்னொன்று: கிறிஸ்டெல்லா இலையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து ஓரிரவு வையுங்கள். காலையில் தாளில் பழுப்புப் பொடி உதிர்ந்திருக்கும். கொதிநீரில் போட்டெடுத்த செங்கல் துண்டின்மேல் அதைத் தூவி, கொஞ்சம் தண்ணீர் விட்ட கண்ணாடிப் பாட்டிலில் வைத்து மூடி, வெயில் நேராகப் படாத சன்னலில் வையுங்கள். சில வாரங்களில் இதய வடிவ முன்உடலங்கள் பச்சைப் பசேலென்று பரவும். விந்தணு நீந்திப் போய் முட்டையை அடைய அந்த முன்உடலத்தின் அடியில் ஒரு நீர்ப்படலம் வேண்டும். அந்தப் படலம் இல்லையென்றால் அடுத்த தலைமுறை இல்லை. அத்தீரியம் ஏன் ஆயிரம் மீட்டருக்கு மேல், மேகம் இறங்கும் சரிவுகளில், ஓடையோரத்து நிழலில் இருக்கிறது என்பதற்கு அங்கே பதில் கிடைத்துவிடும். தாமிரபரணி ஏன் கோடையிலும் வற்றாமல் ஓடுகிறது என்பதற்கும் அந்த ஈரம்தான் பதில். இரண்டு பருவமழையும் வாங்கிக்கொள்கிற அதே சோலைகள்தான் பெரணியையும் வளர்க்கின்றன, நம் கன்னடியன் மதகுக்கும் தண்ணீர் அனுப்புகின்றன.

மலைக்குக் கூட்டிப்போக விரும்புகிறவர்களுக்கு: காலாண்டு விடுமுறையை ஒட்டிப் போவது நல்லது. சாரலில் விரிந்த இலைகளில் அப்போது சோரஸ் முதிர்ந்திருக்கும். வடகிழக்குப் பருவமழை வலுத்துப் பாதை மோசமாகும் முன் திரும்பிவிடலாம். மணிமுத்தாறுக்கு மேலே எல்லாம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். 1988-ல் களக்காடு, முண்டந்துறை என்ற இரண்டு சரணாலயங்களைச் சேர்த்து அமைத்தார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அது. வனத்துறையிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்காமல் போகாதீர்கள். அனுமதியோடு போனாலும் ஒரு இலையைக்கூடப் பறிக்கக் கூடாது; 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துக்குள் செடிக்கும் பொருந்தும். பிளேடு வேலையை ஊரில் முடித்துவிட்டு, மலைக்கு லென்சை மட்டும் எடுத்துப் போங்கள்.

அங்கே எதைத் தேடுவது? அத்தீரியம் ஹோஹெனாக்கரியானம் என்ற சிறிய இனம் மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்காலத்து மண்சுவர்களில் கொத்துக் கொத்தாக வரும். சாண் அளவோ கொஞ்சம் கூடவோ இருக்கும். சோரஸ் பெரிதாக, லாடமாக வளைந்து, வெறும் கண்ணுக்கே தெரியும். அத்தீரியம் சோலெனாப்டெரிஸ் இன்னும் உயரத்தில், சோலையின் நிழலில் வளரும் பெரிய இனம். இரண்டையும் முதன்முதலில் விவரித்தவர் குன்ஸே என்ற ஜெர்மானியர். அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. இங்கிருந்து போன உலர்ந்த தாள்களை வைத்து எழுதினார். உயிருள்ள செடி நமக்கு ஒரு பேருந்துப் பயண தூரத்தில் இருக்கிறது.

மண்சுவர் என்று சொன்னதை இன்னும் கொஞ்சம் விரிக்க வேண்டும். மலைச் சாலைக்காக வெட்டிய சரிவின் பக்கவாட்டில், நிழல் விழும் ஈர மண் முகப்பு ஒன்று உருவாகிறது. புல்லும் புதரும் ஏறுவதற்கு முன் அங்கே முன்உடலமும் பாசியும் குடியேறும், பிறகு சிறிய பெரணிகள். அந்த முகப்பு ஒரு மீட்டர் உயரம்கூட இராது. சாலையை அகலப்படுத்தும்போதும், ஓரம் சுத்தம் செய்கிறோம் என்று ஜேசிபி விடும்போதும், தடுப்புச் சுவர் கட்டும்போதும் முதலில் போவது அதுதான். பெரணியை ஓரிடத்திலிருந்து இல்லாமல் செய்யக் காட்டை வெட்ட வேண்டியதில்லை, மண்சுவரைச் சுரண்டினால் போதும். சாலை வேலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த வளைவில் என்ன இருக்கிறது என்ற பதிவு நம்மிடம் இருந்தால், இந்த நூறு அடியை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்கவாவது முடியும். பதிவு இல்லாதபோது அங்கே வெறும் களைதான் இருந்தது என்று சொல்லிவிடுவார்கள், நம்மிடம் பதில் இருக்காது.

மலையிலிருந்து பெரணியைப் பெயர்த்து வந்து வீட்டுத் தொட்டியில் வைக்கிற பழக்கம் சுற்றுலா போகிறவர்களிடம் இருக்கிறது. சட்டப்படி தவறு என்பது ஒருபுறம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அது கருகிவிடும் என்பது இன்னொருபுறம். வேரோடு எடுத்த இடத்தில் முன்உடலம் மறுபடி வளர்ந்து, கருவுற்று, இலை விட்டு, வித்து விடும் அளவுக்கு ஆக ஆண்டுகள் ஆகும். உங்கள் மாணவர்கள் வீட்டில் போய் இதைச் சொன்னால் பெற்றோர் கேட்பார்கள். நான் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

ஆகவே ஒவ்வொரு பள்ளியும் ஒரு பதிவேடு தொடங்கட்டும். ஒரு செடிக்கு நான்கு படம் போதும்: முழுச் செடியும் அது நிற்கும் இடமும், காம்படியின் செதில்கள், காம்பில் சிறகு பிரியும் இடத்துப் பள்ளம், இலையின் அடிப்பக்கம். அடிப்பக்கப் படத்தில் ஒரு ஸ்கேல் இருக்கட்டும். லென்சைச் செல்போன் கேமராவின்மேல் வைத்தே சோரஸை எடுக்கலாம். தேதி, இடம், உயரம், நிழலா வெயிலா, மண்ணா பாறையா என்று ஐந்து வரி எழுதுங்கள். இனத்தின் பெயர் தெரியாவிட்டால் பேரினத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஊகித்து எழுத வேண்டாம். இரண்டு கற்றையா பல கற்றையா, சோரஸ் நேரா வளைவா, பள்ளம் சேர்கிறதா நிற்கிறதா என்ற மூன்று கேள்விக்குப் பதில் இருந்தால் பின்னால் வருகிறவர்கள் பெயரைக் கண்டுபிடித்துக்கொள்வார்கள். கால்வாய்க் கரையிலிருந்தே தொடங்கலாம். கன்னடியன் கால்வாய் நெடுகிலும் எங்கெங்கே என்ன பெரணி இருக்கிறது என்ற பட்டியலை இந்த வட்டாரப் பள்ளிகள் ஆளுக்கு ஒரு மைல் எடுத்துக்கொண்டு ஒரே பருவத்தில் முடித்துவிட முடியும்.

லென்ஸ் வாங்கப் பள்ளியில் பணம் இல்லையென்றால் எழுதுங்கள். முதல் வகுப்பை நடத்தத் துணை வேண்டும் என்றாலும் எழுதுங்கள். சனிக்கிழமை தவிர எந்த நாளும் வருகிறேன். இரண்டு கிறிஸ்டெல்லா இலையும் பிளேடும் நானே கொண்டுவருகிறேன். சாஃப்ரனினும் நுண்ணோக்கியும் பள்ளியில் இருந்தால் போதும்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
சேரன்மகாதேவி